நாட்டைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்: கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முதன்முறை வெளிநாடு போகும் கொங்குக் குடும்பங்களுக்கு

திருப்பூரில் கிறிஸ்துமஸ் ஆடி ஆவணியிலேயே முடிந்துவிடும். ஐரோப்பாக்காரர்கள் டிசம்பர் குளிரில் போடப்போகும் மான் படம் போட்ட சிவப்புச் சட்டையை நாம் வியர்க்க வியர்க்கத் தைத்து, பெட்டி கட்டி, தூத்துக்குடிக்கு லாரி ஏற்றியிருப்போம். பண்டிகை வரும் வாரத்தில் சரக்கு வாங்குகிறவர்களின் அலுவலகம் பூட்டிக் கிடக்கும். மெயில் வராது, போன் அடிக்காது. பள்ளிக்கூடத்தில் அரையாண்டு விடுமுறை. மார்கழி என்பதால் கல்யாணம், கிரகப்பிரவேசம் எதுவும் கிடையாது. போகாவிட்டால் கோபித்துக்கொள்ளும் சொந்தம் என்று ஒருவரும் இல்லை. தை பிறந்தால் மறுபடி மூச்சு விட நேரமிருக்காது. வருடத்தில் இந்த ஒரு பத்து நாள்தான் நம் பக்கத்துக் குடும்பங்கள் கூண்டோடு கிளம்பக்கூடிய காலம்.

ஆனால் பெரும்பாலானவர்கள் தொடங்குவது தலைகீழாக. யாரோ போட்ட படத்தைப் பார்த்து நாட்டை முடிவு செய்துவிடுகிறார்கள். பிறகு அந்த நாட்டுக்குள் தேதியையும் பணத்தையும் பாட்டியின் முழங்காலையும் திணிக்கப் பார்க்கிறார்கள். நாங்களும் முதல் தடவை அப்படித்தான் பாலித் தீவு என்று முடிவு செய்தோம். ஆறு நாளில் நான்கு நாள் விடுதி வராந்தாவில் உட்கார்ந்து மழையைப் பார்த்தோம். டிசம்பரில் அங்கே மழைக்காலம் என்பதை யாரும் மறைத்து வைக்கவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

அதனால் நான் சொல்லும் வரிசையில் நாடு கடைசியில்தான் வரும். முதலில் தேதி, பிறகு பாஸ்போர்ட், பிறகு வீட்டு ஆட்கள், விமான நிலையம், மழை. இந்த ஐந்தையும் தாண்டி மிஞ்சுவது மூன்று நான்கு நாடுகள்தான் இருக்கும். அதற்குள் பிள்ளைகளை ஓட்டுப் போடச் சொல்லுங்கள்.

முதலில் தேதி

அரையாண்டு விடுமுறை பெரும்பாலும் டிசம்பர் 24-ஐ ஒட்டித் தொடங்கி, புத்தாண்டு முடிந்ததும் முடிந்துவிடும். மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஒன்றிரண்டு நாள் முன்பின் இருக்கும். அறிவிப்பு வரும்வரை காத்திருந்தால் டிக்கெட் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். போன இரண்டு வருடத் தேதிகளைப் பார்த்து உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம்.

ஒன்பது பத்து நாள் விடுமுறை என்றால் கையில் இருப்பது ஏழு இரவுதான். போகும் நாளும் வரும் நாளும் கணக்கில் வராது. பள்ளி திறப்பதற்கு முன்னால் ஒரு நாள் வீட்டில் இருந்தாக வேண்டும். இந்த ஏழு இரவில் ஐரோப்பா போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள், கண்ணில் தூக்கம் தீர ஒரு நாள் என்று மூன்று கரைந்துவிடும். முதல் பயணத்துக்கு நான்கைந்து மணி நேர விமானத் தொலைவுக்குள் இருக்கும் நாடுகளே போதும் என்பது என் கட்சி.

கூட்டம் முழுக்க 21-லிருந்து 24-க்குள் கிளம்பி, ஜனவரி முதல் நான்கு நாட்களுக்குள் திரும்பும். டிக்கெட் தளங்களில் மாதம் முழுவதற்கும் விலையை நாள்வாரியாகக் காட்டும் பக்கம் இருக்கிறது. அதை ஐந்து நிமிடம் உற்றுப் பாருங்கள். 25 அன்றே கிளம்புவது, 26-ல் கிளம்பி 31 அன்று திரும்புவது போன்ற தேதிகளில் விலை இறங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன். கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது இன்னும் வசதி. கருமத்தம்பட்டியில் நள்ளிரவுத் திருப்பலி பார்த்து, மதியம் வீட்டில் பிரியாணி சாப்பிட்டு, மறுநாள் கிளம்பலாம். பண்டிகையும் போகாது, பணமும் மிஞ்சும்.

புத்தாண்டு இரவை வெளிநாட்டில் கழிக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து, வியட்நாம், துபாய் போன்ற இடங்களில் பல விடுதிகள் டிசம்பர் 24 அல்லது 31 இரவுக்குக் கட்டாய விருந்து என்று தலைக்கு இவ்வளவு என வசூலிப்பார்கள். அறை வாடகையில் அது சேராது. நம் வீட்டுப் பெரியவர்கள் எட்டு மணிக்குத் தயிர்சாதம் சாப்பிட்டுப் படுத்துவிட்டாலும் பணம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

பாஸ்போர்ட்: பெட்டிக்குள் இருந்தால் போதாது

இங்கேதான் நிறையப் பேர் கவிழ்கிறார்கள். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதிக்கும் பயணத் தேதிக்கும் இடையே குறைந்தது ஆறு மாதம் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான நாடுகள் கேட்கின்றன. அடுத்த ஏப்ரலில் காலாவதியாகும் பாஸ்போர்ட் டிசம்பரில் கண்ணுக்கு உயிரோடுதான் இருக்கும். விமான கவுண்டரில் அது செத்த பாஸ்போர்ட். பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும். பிள்ளைகளுக்கு ஐந்து வருடம்தான். தன் பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்து ‘இன்னும் நாலு வருடம் இருக்கிறது’ என்று நிம்மதியாக இருந்த என் மைத்துனர், மகளுடையது முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்ததைத் தீபாவளிக்குப் பிறகுதான் கண்டார். பணம் கட்டிய பயணம். தத்கால் வழியில் ஓடி ஓடி வாங்கினார். புது பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 36 பக்கத்துக்கு 1,500 ரூபாய், பிள்ளைகளுக்கு 1,000 ரூபாய். தத்கால் என்றால் மேலே 2,000 ரூபாய். பணம் பெரிதில்லை, அந்த இரண்டு வாரம் அவர் வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை.

அடுத்தது பெயர். இது நமக்கே உரிய தலைவலி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலை எழுத்தாக வைக்க முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். நிறையப் பேர் சொந்தப் பெயரை மட்டும் கொடுத்துவிட்டுக் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். இந்த ஒற்றைப் பெயர்ப் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் தந்தையின் பெயர் இருந்தால் விடுவதாகப் பிறகு தளர்த்தினார்கள். துபாய், அபுதாபி பக்கம் யோசிப்பவர்கள் வீட்டில் எத்தனை ஒற்றைப் பெயர் இருக்கிறது என்று முதலில் எண்ணுங்கள். புதுப்பிக்கும்போதே தந்தை பெயரையோ கணவர் பெயரையோ குடும்பப் பெயர்க் கட்டத்தில் போட்டுவிட்டால் இந்த வம்பு தீர்ந்தது.

டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஆதாரில் உள்ளபடியோ, கல்யாணப் பத்திரிகையில் உள்ளபடியோ அல்ல. ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் எதை நிரப்ப வேண்டும் என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அவர்களையே கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

இந்த வேலையை ஆடிப் பெருக்குக்குள் முடித்துவிடுவது நல்லது. கோவை அவிநாசி சாலை பாஸ்போர்ட் சேவை மையத்திலும், பக்கத்து ஊர் அஞ்சலகங்களில் உள்ள சேவை மையங்களிலும் நேரம் பதிவு செய்துகொள்ளலாம்.

யாரெல்லாம் வருகிறார்கள்

குடும்பத்தில் குறைவாக நடக்கக்கூடியவர் யாரோ, அவருடைய கால்தான் உங்கள் பயணத் திட்டம். அம்மிச்சி (அம்மாவைப் பெற்றவர்) வருகிறார் என்றால் நாளுக்கு ஒரே ஓர் இடம். மதியம் அறைக்குத் திரும்பிப் படுக்கை. கோலாலம்பூர் பக்கத்தில் பத்துமலை முருகனைப் பார்க்காமல் நம் ஆட்கள் திரும்ப மாட்டார்கள். அங்கே குகைக்கு ஏற 272 படி. பழனியில் படி ஏறும் ஆட்களுக்கு இது பெரிதில்லை. விஞ்சில் போகிறவர்களுக்குப் பெரிது. அவர்கள் கீழே நின்று 140 அடிச் சிலையைக் கும்பிட்டுக்கொள்ளலாம். (அதைவிட உயரமாக, 146 அடியில், சேலம் மாவட்டம் புத்திரகவுண்டன்பாளையத்திலேயே 2022-ல் ஒரு முருகன் எழுந்துவிட்டார். அதை இன்னும் பார்க்காதவர்கள் மலேசியாவுக்கு டிக்கெட் எடுப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.)

மார்கழியில் கறி தொடாத வீடுகள் உண்டு. வீட்டில் யாராவது சபரிமலைக்கு மாலை போட்டிருந்தால் பேச்சே வேண்டாம், அவர் மாலை கழற்றும் தேதிக்குப் பிறகுதான் பயணம். சைவ உணவைப் பொறுத்தவரை சிங்கப்பூர் சிராங்கூன் சாலையும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸும், பினாங்கின் குட்டி இந்தியாவும் சேலம் கடைவீதி மாதிரிதான். வாழை இலை, சாம்பார், வடை எல்லாம் கிடைக்கும். தமிழிலேயே கேட்டு வாங்கலாம். வியட்நாமிலும் தாய்லாந்திலும் சைவம் என்று கேட்டால் தட்டில் மீன் சாறு மிதக்கும். அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்கள் கணக்கில் அது கறி இல்லை. அங்கே போனால் இந்திய உணவகத்துக்குப் பக்கத்தில் அறை எடுப்பதே புத்திசாலித்தனம்.

எந்த விமான நிலையம்

கோவையிலிருந்து நேராகச் சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபிக்கு விமானங்கள் உண்டு. பருவத்துக்குப் பருவம் நாட்களும் நேரமும் மாறும் என்பதால் உங்கள் தேதிக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பீளமேட்டில் ஏறி நான்கு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூரில் இறங்குவதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும். பாட்டி, கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இதைத் தாண்டி என்றால் நெடும்பாசேரி, அதாவது கொச்சி விமான நிலையம். கோலாலம்பூர், பாங்காக், மாலே, கொழும்பு, வளைகுடா நாடுகள் எல்லாவற்றுக்கும் கொச்சியிலிருந்து நேர் விமானம் உண்டு. வாளையார் தாண்டி, பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர், அங்கமாலி என்று போக வேண்டும். சுரங்கம் திறந்த பிறகு குதிரான் ஏற்றத்தில் லாரிகளுக்குப் பின்னால் தவம் கிடப்பது ஒழிந்தது. ஆனாலும் டிசம்பர் கடைசி சபரிமலை மண்டல பூஜைக் காலம். அதோடு கேரளத்துக் கிறிஸ்துமஸ் கூட்டமும் சேரும். நான்கு மணி நேரம் என்று வரைபடம் சொன்னால் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள்.

கரூர், நாமக்கல்காரர்கள் கொச்சிக்கு ஏன் போகிறார்கள் என்பது எனக்கு விளங்காத விஷயம். திருச்சி பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய்க்கு அங்கிருந்து பழைய தொடர்பு. சேலம், தருமபுரிப் பக்கம் பெங்களூரு. ஆனால் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் பெங்களூரில் பனிமூட்டம் வந்து விமானங்கள் தாமதமாகும். டெல்லியில் அது இன்னும் மோசம். டெல்லியில் காலையில் விமானம் மாறி ஏறும் டிக்கெட் மலிவாகக் கிடைத்தாலும் அந்த மாதத்தில் வாங்காதீர்கள்.

டிசம்பரில் எங்கே மழை

பாலியில் நனைந்த பிறகு நான் மனப்பாடம் செய்த பாடம் இது.

தாய்லாந்தை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். மேற்கே அந்தமான் கடல் பக்கம் இருக்கும் புக்கெட், கிராபி டிசம்பரில் வெயிலும் தெளிந்த கடலுமாக இருக்கும். கிழக்கே வளைகுடாப் பக்கம் கோ சமுய் அப்போதும் மழையில் நனைந்துகொண்டிருக்கலாம். பாங்காக்குக்கு வருடத்திலேயே இதமான மாதம் இதுதான்.

மலேசியாவிலும் இதே கதை. கிழக்குக் கரையில், அதாவது கிளந்தான், திரெங்கானு, தியோமான் தீவுப் பக்கம், வடகிழக்குப் பருவமழை கொட்டும்; தீவு விடுதிகள் பல மூடியே இருக்கும். மேற்குக் கரையில் லங்காவியும் பினாங்கும் நன்றாக இருக்கும். சிங்கப்பூரில் டிசம்பர் மழை மாதம்தான், ஆனால் பாதிக்கு மேல் கூரைக்குள் பார்க்கக்கூடிய ஊர், குடை போதும்.

வியட்நாம் நீளமான நாடு. தெற்கே ஹோ சி மின் நகரம் காய்ந்து கிடக்கும். நடுவே ஹுவே, தா நாங் பக்கம் ஈரம் விட்டிருக்காது. வடக்கே ஹனோயில் குளிர், ஊட்டி மாதிரி. ஒரே பயணத்தில் மூன்றையும் பார்க்க நினைத்துப் பெட்டி கட்டினால் குடை, பருத்தி, ஸ்வெட்டர் மூன்றும் வேண்டும். முதல் பயணத்தில் வேண்டாம்.

இலங்கையில் மேற்குக் கரையும் தென்கரையும் டிசம்பர் முதல் நன்றாக இருக்கும். திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கம் நமக்குப் பெய்யும் அதே மழை. நீர்கொழும்பு கத்தோலிக்கர்கள் நிறைந்த ஊர், விமான நிலையத்துக்குப் பக்கம், தமிழ் பேச ஆள் உண்டு. பண்டிகைக் களையை மலிவாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இதை ஏன் யோசிப்பதில்லை என்று தெரியவில்லை. நுவரெலியாவை விட்டுவிடுங்கள், தேயிலைத் தோட்டத்துக்கு நமக்கு வால்பாறை இருக்கிறது.

மாலத்தீவில் வறண்ட காலம் தொடங்கியிருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். துபாயில் பகலில் 25 டிகிரியை ஒட்டி, இரவில் மெல்லிய சால்வை. டிசம்பருக்கு அதைவிட இதமான ஊர் குறைவு.

கிறிஸ்துமஸைப் பார்க்கவா, விடுமுறைக்காகவா

இந்தக் கேள்வியை வீட்டில் உரக்கக் கேட்டுவிடுவது நல்லது. கிறிஸ்துமஸ் என்றால் ஐரோப்பா, பனி, மரவீட்டுக் கடைகள், மின்விளக்கு என்று ஒரு படம் எல்லார் மனதிலும் இருக்கிறது. அந்தப் படத்தில் ஓட்டை இருக்கிறது. ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகள் நவம்பர் கடைசியில் தொடங்கி, பெரும்பாலும் டிசம்பர் 23 அல்லது 24-ல் மூடிவிடும். புகழ்பெற்ற நியூரம்பெர்க் சந்தைக்கும் 24 தான் கடைசி நாள். நம் பிள்ளைகளுக்கு விடுமுறை விடுவதே அன்றைக்குத்தான்! 25-ம் தேதி போய் இறங்கினால் கடைப் பலகைகளைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கு லண்டனில் சுரங்க ரயிலும் கிடையாது, நகரப் பேருந்தும் கிடையாது. பாரிஸில் லூவர் அருங்காட்சியகம் 25-லும் ஜனவரி 1-லும் மூடியிருக்கும். அவர்களுக்கு அது நம் பொங்கல் மாதிரி; கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருப்பார்கள். பொங்கலன்று கோபிச்செட்டிபாளையத்துக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து ஹோட்டல் தேடினால் எப்படியோ அப்படித்தான்.

அப்படியும் ஐரோப்பாதான் என்றால் செக் நாட்டின் தலைநகர் பிராக் போங்கள். பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை இருக்கும். லண்டனில் நான்கு மணிக்கு முன்பே பொழுது இறங்கிவிடும், பகல் எட்டு மணி நேரம்தான். பின்லாந்தின் ரோவானியெமியில், கிறிஸ்துமஸ் தாத்தாவின் ஊர் என்று சொல்லும் இடத்தில், சூரியன் தலைகாட்டுவதே அரிது. உறைநிலைக்குப் பத்து, இருபது டிகிரி கீழே போகும். ஊட்டிக்கு வைத்திருக்கும் ஸ்வெட்டர் அங்கே கைக்குட்டைக்குச் சமம். ஜாக்கெட்டும் உள்ளுடுப்பும் வாங்கத் திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதி மிச்சத்தைத் துழாவுங்கள். ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சட்டை உங்களோடு போகட்டும்.

விளக்கும் மரமும் போதும் என்பவர்களுக்குச் சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலை போதும். கடைகள் மூடாது, ரயில் நிற்காது, பிள்ளைகள் அரைக்கால்சட்டையில் ஓடலாம்.

விசா, காகிதம், பணம்

விசா விதிகள் அரசாங்கங்களின் மனநிலை மாதிரி, மாறிக்கொண்டே இருக்கும். நான் சொல்வதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, டிக்கெட் போடும் நாளில் அந்தந்த நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் நம்மை 30 நாள் வரை விசா இல்லாமல் விடுகிறது. இந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை என்பது அறிவிப்பு. புத்தாண்டைத் தாண்டிப் போகிறவர்கள் தேதியைக் கவனியுங்கள். தாய்லாந்து 2024 ஜூலையில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தது. வியட்நாமுக்கு இணையத்திலேயே மின்விசா, ஒருமுறை நுழைய 25 டாலர். சிங்கப்பூருக்கு விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாக, கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், முகவர் கூலி தனி. விசா வேண்டாம் என்றாலும் வருகை அட்டை வேண்டும். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். மூன்றும் இலவசம். பணம் கேட்கிறது என்றால் நீங்கள் இருப்பது போலித் தளத்தில்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா தனி உலகம். 29 நாடுகளுக்கு ஒரே விசா, பெரியவர்களுக்கு 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு, நேரில் போய் விரல்ரேகை. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கிறிஸ்துமஸுக்கு என்றால் புரட்டாசிக்குள் முடியுங்கள். தோட்டம், தறி வைத்திருப்பவர்கள் இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தேங்காய் விற்ற பணம் கையில் வந்து கையிலேயே போயிருக்கும். வங்கிக் கணக்கு காய்ந்து கிடக்கும். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் மச்சானிடம் வாங்கிப் பத்து லட்சத்தை ஒரேயடியாகப் போட்டால் அதிகாரிக்குப் புரியாதா என்ன? ஆறு மாதம் முன்பிருந்தே வரவை வங்கி வழியாக விடுங்கள். வருமான வரிக் கணக்கு, பட்டா, சிட்டாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்த்து வையுங்கள்.

கோவையில் சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு போகும் குழுப் பயணங்கள் உண்டு. பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மோசமில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன் மூன்றை எழுத்தில் வாங்குங்கள்: விடுதியின் பெயர் (‘அதற்கு நிகரான விடுதி’ என்ற சொல் இருந்தால் எந்தத் தொலைவில் என்றும்), விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும், கட்டாய விருந்துக் கட்டணம் சேர்ந்ததா இல்லையா. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு டிசிஎஸ் என்று ஒரு வரியைப் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அது உங்கள் பான் எண்ணில் ஏறும்; வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம் அல்லது ஈடுகட்டலாம். இது செலவில்லை, ஆனால் கையிலிருந்து உடனே போகும் பணம், சீட்டுப் பணம் எடுத்துப் போகிறவர்கள் முன்கூட்டியே கணக்கில் வைக்க வேண்டும்.

பெட்டியில் வைக்கக் கூடாதவை

மசாலாப் பொடி அரைத்துக் கொடுத்தனுப்பும் அம்மாக்களின் கவனத்துக்கு: கசகசா சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் தடைசெய்யப்பட்ட பொருள். போதைப்பொருள் சட்டத்தில் வரும். குழம்புக்கு என்று சொன்னால் கேட்க மாட்டார்கள். கொப்பரைத் தேங்காயும் விமானத்தில் ஏற்ற அனுமதியில்லை. எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருளாக வைத்திருக்கிறார்கள். பொள்ளாச்சிக்காரர்கள் சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோக வேறு எதையாவது யோசியுங்கள். ஐரோப்பாவுக்கு நெய்யும் பால் இனிப்பும் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூருக்கு வாயில் போடும் புகையிலையும் சூயிங் கம்மும் ஆகாது. புளியோதரைப் பொடியும் பருப்புப் பொடியும், கசகசா சேராதவை என்றால், என் பெட்டியில் எப்போதும் உண்டு.

கடைசியாக, தோட்டத்து வீட்டுக்காரர்களுக்கு. நான்கு மாடு இருந்தால் விசாவைவிடப் பெரிய சிக்கல் அது. பால் கறக்கவும், சொட்டுநீர் வால்வு திருப்பவும், நாய்க்குச் சோறு வைக்கவும் ஆளைத் தீபாவளிக்கே பேசி வைத்துவிடுங்கள். மார்கழியில் கேட்டால் அவரும் பழனிக்கோ சபரிமலைக்கோ கிளம்பியிருப்பார். அவரிடம் திரும்பி வரும் தேதியைச் சொல்லும்போது ஒரு நாள் தள்ளியே சொல்லுங்கள், விமானம் தாமதமானால் மாடு கத்திக்கொண்டு நிற்கக் கூடாது.